ஆக்சிஜன் சென்சாரை இருமுறை மாற்றியும் அணையாத விளக்கு

சென்னை புது வண்ணாரப்பேட்டையில் வீட்டுக்குள் கார் நிறுத்த இடமில்லாத, தெருவோரமாகவே விட்டு வைக்க வேண்டிய குடும்பம் எங்களுடையது. 2016-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் அது. நான் வேலைக்காக மணலி வரை போய் வரவும், அம்மாவை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. 2024 ஜூன் மாதத்தில் ஒரு காலை, வண்டியை எடுத்த சில நிமிடங்களில் மீட்டர் பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி வழக்கம்போலத்தான் ஓடியது. ஆனால் அதற்கு முந்தைய சில வாரங்களாகவே லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12, 11 என்று இறங்கியிருந்தது; சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் லேசாக ஏறி இறங்கியது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று பலரும் சொன்னதால் நானும் அதை நம்பி விட்டுவிட்டிருந்தேன்.

முதலில் சென்ற பட்டறையில் ஸ்கேனரைச் சொருகி, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பி0135 என்ற குறியீட்டைக் காட்டினார்கள். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்தினா சரியாயிடும்" என்றார்கள். சென்சார் 5,200 ரூபாய், கூலி 800 ரூபாய். குறியீட்டை அழித்தார்கள், விளக்கு அணைந்தது, நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் காலை அதே விளக்கு மீண்டும் எரிந்தது. எனக்கு வயிறு கலங்கியது என்றே சொல்ல வேண்டும். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் எங்கள் வீட்டில் யோசித்துச் செலவழிக்கிற தொகை.

அந்த மூன்று நாள் அமைதிக்கு என்ன பொருள் என்பதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் என் பணம் பெருமளவு மிஞ்சியிருக்கும். புகை தொடர்பான பெரும்பாலான பழுதுகளுக்கு, இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரே ஒரு முறை பழுதைக் கண்டவுடன் விளக்கை எரிய விடுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே பழுது தென்பட்டால்தான் எரிய விடுகிறது. ஆகவே குறியீட்டை அழித்துவிட்டால், பழுது அப்படியே இருந்தாலும் விளக்கு ஓரிரு நாள் எரியாமல் இருக்கும். விளக்கு அணைந்ததை வைத்து வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். இரவு முழுவதும் ஆறிய வண்டியைக் காலையில் எடுத்து ஓட்டுவதை நான்கைந்து நாள் செய்து பார்த்த பிறகே கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள், அல்லது அப்படிப் பேசிக்கொண்டு வேலையைக் கொடுங்கள். அழிப்பதற்கு முன்பு குறியீட்டையும், அது பதிவான நேரத்தில் இன்ஜின் வெப்பம், வேகம் எல்லாம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அடுத்து வருபவருக்கு இருக்கும் ஒரே சாட்சி. என் வண்டியில் அதை இரண்டு முறை அழித்துவிட்டார்கள்.

இரண்டாவது பட்டறை இன்னும் பெரியது. அங்கே ஸ்கேனுக்கு 700 ரூபாய். அதே பி0135. "போட்டிருக்கிறது டூப்ளிகேட் சார்" என்று சொல்லி, தங்களிடமிருந்த வேறொரு சென்சாரை 4,600 ரூபாய்க்குப் போட்டு, 700 ரூபாய் கூலி வாங்கினார்கள். கழற்றும்போது இன்ஜின் சூடாக இருந்தது. புதியதைப் பூட்டும்போது அது சற்றுச் சாய்வாக ஏறுவதையும், பையன் நீளமான கைப்பிடியைப் போட்டு அழுத்தித் திருப்புவதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டது. அவர்களுக்குத் தெரியாததா என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். நான்காம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. கேட்டதற்கு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே போயிருக்கலாம், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அன்று மாலை எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றபடி, அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றப்பட்ட கோபத்தைவிட, எதுவுமே தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேனே என்ற வேதனைதான் பெரிதாக இருந்தது.

அதன் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். இந்தச் சென்சார் புகைபோக்கிக் குழாயில், இன்ஜினை விட்டு வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் சென்சார் 0.9 வோல்ட்டை நெருங்கும், காற்று கூடினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். கம்ப்யூட்டர் இதைப் பார்த்துப் பார்த்தே பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்கிறது. ஆனால் சென்சாரின் நுனி சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் அது வேலை செய்யும். அந்தச் சூட்டை விரைவாகக் கொடுக்கவும், நின்று நின்று போகும் நெரிசலில் ஆறிவிடாமல் காக்கவும் உள்ளே ஒரு சிறிய ஹீட்டர் இருக்கிறது. பி0135 என்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் அந்தச் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்று சொல்லும் குறியீடு. சுற்று என்றால் ஹீட்டர் மட்டுமன்று. ஃப்யூஸ், ரிலே, ஒயர், ஒயர்களை இணைக்கும் சொருகியான கப்ளர், கம்ப்யூட்டர் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். இரண்டு பட்டறைகளும் அந்த வரியைச் சென்சாரை மாற்று என்ற கட்டளையாகப் படித்துவிட்டன. கன்வெர்ட்டர் குறித்த பேச்சும் ஆதாரமற்றது. அதற்கு பி0420 என்ற தனிக் குறியீடு உண்டு, என் வண்டியில் அது ஒருநாளும் வரவில்லை.

குறியீடுகளைக் கைபேசியில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவியும், வோல்ட்டும் ஓமும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் பட்டறையில் கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கைக்கு அடியில் போட்டிருந்தேன். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் என் அப்பாவிடமிருந்து வந்தது. அந்தச் சென்சாரின் நான்கு ஒயர்களில் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு வெள்ளை ஒயர்களும் ஹீட்டருக்கு உரியவை. அவற்றுக்கிடையே மீட்டரை வைத்தேன். மின்தடை 9 ஓம் என்று காட்டியது. ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. ஆறிய நிலையில் சில ஓம்களிலிருந்து பதினைந்து ஓம் வரை காட்டினால் பெரும்பாலும் அது நல்ல ஹீட்டர். வண்டியில் பூட்டியிருந்த புதியதை அளந்தேன்; அதுவும் ஏறக்குறைய அதே அளவு. பழையதில் பழுதே இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்த மீட்டரின் எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில், ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய சோதனை அது. சென்சாரை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், உங்கள் எதிரிலேயே ஹீட்டரின் ஓம் அளவை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க மறுக்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்து முனையில் வோல்ட் வருகிறதா என்று பார்த்தேன். 12.1 வோல்ட் வந்தது. ஃப்யூஸும் சரியாக இருந்தது. ஹீட்டர் நன்றாக இருக்கிறது, மின்சாரமும் வருகிறது, பிறகு என்ன பழுது? இந்த இடத்தில் நான் முழுவதுமாகச் சிக்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரே கெட்டிருக்குமோ என்ற பயத்தில் இரண்டு இரவு தூக்கமில்லை. இந்தக் குழப்பத்திலேயே ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. அம்மாவை ஆட்டோவில்தான் அழைத்துச் சென்றேன், நான் மெட்ரோவில் விம்கோ நகர் வரை போய் அங்கிருந்து மணலிக்குப் பேருந்து பிடித்தேன்.

என் மனைவியின் அண்ணன் ராயபுரத்தில் ஒரு முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போகச் சொன்னார். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைக்கிறார்கள். நான் சொன்ன எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "வோல்ட்டு வருது, சரி. லோடு குடுத்துப் பாத்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவர் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை, இரண்டு ஒயர் பற்றவைத்துத் தயாராக வைத்திருந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வினார், மறு முனையைக் கப்ளரின் ஹீட்டர் ஒயரில் தொட்டார். பளிச்சென்று எரிய வேண்டிய பல்பு, அணையப்போகும் ஊதுவத்தி நுனியைப் போலச் சிவந்து நின்றது. அதே நிலையில் மீட்டரை வைக்கச் சொன்னார். நான் 12.1 பார்த்த அதே இடத்தில் இப்போது 5 வோல்ட்டுகூட இல்லை.

காரணம் எளியது. ஒயரின் உள்ளே செம்பு இழைகள் அரித்துப்போய் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும், மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் அதற்கு முழு வோல்ட்டும் கிடைத்துவிடும். ஹீட்டரோ ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அவ்வளவு ஓட்டத்தை அந்த இழைகளால் தாங்க முடியாமல் வோல்ட் வழியிலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே ஒயரைச் சோதிக்கும்போது பல்பு ஒன்றை எரியவிட்டு, அது எரிந்துகொண்டிருக்கையில் வோல்ட்டை அளக்க வேண்டும். ஆனால் இதை ஃப்யூஸ் வழியாக வரும் ஹீட்டர் ஒயரில் மட்டுமே செய்யுங்கள். சென்சாரின் அளவைக் கொண்டுபோகும் சிக்னல் ஒயரிலும் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களிலும் பல்பைத் தொடவே கூடாது, கம்ப்யூட்டரே கெட்டுவிடும்.

பாய் ஒயர்க் கட்டினை விரலால் தடவிக்கொண்டே கீழே போனார். முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்குக் கீழே தாழ்வாக ஓடும் பகுதியில் கறுப்பு டேப்பைப் பிரித்தபோது, ஒரு பிரிவு இணைப்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உறையை நகத்தால் அழுத்தியதும் உள்ளே இருந்த செம்பு தூளாக உதிர்ந்தது. அதைப் பார்த்த நொடியில் எனக்கு 2023 டிசம்பர் நினைவுக்கு வந்தது. மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் பம்பர் உயரத்துக்கு ஏறி, வண்டி இரண்டு நாள் அப்படியே நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகவில்லை, வடிந்த பிறகு வண்டி உடனே கிளம்பியது, தப்பித்தோம் என்று நினைத்தேன். டேப்புக்குள் தங்கிவிட்ட சாக்கடைத் தண்ணீரும், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் எங்கள் பகுதியின் உப்புக் காற்றும் சேர்ந்து ஆறு மாதம் அந்த ஒயரைத் தின்றிருக்கின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் நான் இப்போது இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியதோ, அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் எல்லாக் கப்ளரையும் டேப் சுற்றிய இணைப்பையும் ஒருமுறை திறந்து பார்த்து உலர்த்திவிடுங்கள்.

அரித்த துண்டை வெட்டியெடுத்து, புது ஒயர் சேர்த்து, சுருங்கும் உறை போட்டு, ஒயர்க் கட்டினை முன்பைவிட மேலே உயர்த்திக் கட்டினார். கூலி 450 ரூபாய். கப்ளரில் தண்ணீர் புகாமல் கிரீஸ் வைத்துவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். பிறகு படித்தபோது காரணம் தெரிந்தது. இந்த வகைச் சென்சார்கள் பலவற்றுக்கு, ஒப்பிடுவதற்கான வெளிக்காற்று அதன் ஒயர்களின் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழியாகத்தான் உள்ளே போகிறது. கிரீஸோ கிளீனரோ அந்த வழியை அடைத்தால், அல்லது சென்சார் பக்கத்து ஒயரை வெட்டி ஈயம் பற்றவைத்தால், சென்சார் மூச்சுத் திணறிப் பொய்யான அளவைக் காட்டும். வண்டிப் பக்கத்து ஒயரில் பற்றவைப்பதில் தவறில்லை.

இத்துடன் முடிந்தது என்று எண்ணினேன். பி0135 திரும்ப வரவே இல்லை. ஆனால் பத்து நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. இம்முறை பி0131, பி0171. முதலாவது, சென்சாரின் வோல்ட் குறைவாக இருக்கிறது என்கிறது. இரண்டாவது, கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று மிகுதி என்கிறது. முன்பானால் மூன்றாவது சென்சாருக்கு ஓடியிருப்பேன். இப்போது கைபேசியில் நேரடி அளவுகளைப் பார்த்தேன். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, சென்சார் 0.1 வோல்ட் பக்கமே கிடந்தது. நீண்டகால ஃப்யூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டிக்கொடுக்கிறது என்ற அளவு, கூட்டல் 18 சதவீதம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. சட்டென்று ரேஸ் கொடுத்தால் சென்சார் உடனே 0.8-க்குத் தாவியது, காலை எடுத்தால் உடனே விழுந்தது. செத்த சென்சார் இப்படித் துள்ளாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் கரி படிந்து கறுத்திருந்தன, சைலன்சர் வாயில் பெட்ரோல் நெடி அடித்தது. கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்கிறது, பிளக்கோ பெட்ரோல் மிகுதி என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், சென்சாருக்கு அருகில் வெளிக்காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். புகை இன்ஜினிலிருந்து துடிப்புத் துடிப்பாகத்தான் வெளியேறுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே குழாயில் அழுத்தம் குறையும் கணத்தில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றைக் கண்டு நேர்மையாகவே சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. ஐடிலிங்கில் இது மோசமாகவும் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் குறைவாகவும் இருக்கும். என் வண்டியிலும் ரேஸ் ஏற்றியபோது அளவுகள் தேறின.

மறுநாள் விடியற்காலையில், ஆறிய இன்ஜினை இயக்கி, இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே கொண்டுவரும் மேனிபோல்டு குழாயின் இணைப்புகளிலும் சென்சார் பூட்டியிருந்த இடத்திலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். குழாய் சூடேறுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். திறந்தவெளியில் மட்டுமே செய்ய வேண்டும், கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும். சென்சாரின் அடிப்பாகத்தைச் சுற்றி, இன்ஜின் துடிப்புக்கு ஏற்ப நுரை குமிழ் விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், அதே இடத்தில் மை தீட்டியதைப் போல மெல்லிய கரிக்கோடு. அந்தப் பையன் சாய்வாக ஏற்றி அழுத்தித் திருப்பியதில் மரை சிதைந்திருந்தது. தேவையே இல்லாமல் செய்த மாற்றம், இல்லாத ஒரு பழுதை உண்டாக்கிவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது.

அருகிலிருந்த மெக்கானிக் ஒருவர் மரையில் கேஸ்கெட் பேஸ்ட் பூசி இறுக்கிவிடலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரண சிலிகான் பேஸ்ட்டின் ஆவி சென்சார் நுனியில் வெள்ளையாகப் படிந்து அதை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் மேனிபோல்டைக் கழற்றிக் கொடுத்தேன். 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் மரைவெட்டியை விட்டு மரையைச் சீராக்கினார்கள். முகப்பு கேஸ்கெட் உட்பட 1,100 ரூபாய் ஆயிற்று. சென்சாரின் மரையில் மட்டும், நுனியில் படாதபடி, மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை தடவி, முதல் நான்கைந்து சுற்றுகளை வெறும் விரலாலேயே ஏற்றினேன். விரலால் ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கணக்கு பார்த்தேன். இரண்டு பட்டறைகளுக்கும் சேர்த்து 12,500 ரூபாய். நான்கு மாதத்தில் ஓட்டிய சுமார் 2,000 கிலோமீட்டருக்குக் கூடுதலாகக் குடித்த பெட்ரோல் ஏறக்குறைய 57 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 5,700 ரூபாய். ஆகமொத்தம் 18,200 ரூபாய் வீண். பதினொரு நாள் வண்டி இல்லாமல் அலைந்தோம். முதல் நாளே சரியாகப் பார்த்திருந்தால் 450 ரூபாயோடு போயிருக்கும், மரையும் சிதைந்திருக்காது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய சென்சார் மலிவாகக் கிடைக்கும் என்று இடையில் சிலர் சொன்னார்கள். எவ்வளவு காலம் எந்த இன்ஜினில் உழைத்தது என்று தெரியாத ஒரு சென்சாரை வாங்க நான் துணியவில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

இப்போது ஃப்யூயல் ட்ரிம் கூட்டல் 4 சதவீதத்தில் நிற்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த அளவு இயல்புதான். மைலேஜ் 15.5-க்கு வந்துவிட்டது. புகைப் பரிசோதனையிலும் ஐடிலிங் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீத வரம்புக்குள் வந்து சான்றிதழ் கிடைத்தது. பழைய இரண்டு சென்சார்களையும் நான் தூக்கிப் போடவில்லை. ஹீட்டர் ஓம் அளவை ஒரு சீட்டில் எழுதி, அவற்றோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு பாயிடம் ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய், உயர்த்திக் கட்டிய அந்த ஒயர்க் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.